ஒரே ஒரு அடி! (அதிதி அசோக்கும் கோல்ஃப் விளையாட்டும்)



முன்னுரை

எங்க அம்மா அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாங்க. போன மாதம் ஒரு காலர் டி-சர்ட் கொண்டு வந்தாங்க. கழித்த பீஸ் என்பதால் குறைந்த விலைக்குக் கிடைத்ததாம். அதன் நெஞ்சுப் பக்கம் ஒரு ஆள் கோலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி எம்ப்ராய்டரி போட்டிருந்தது. தம்பி "ஹாக்கி" என்றான். நான் "இல்லடா, கிரிக்கெட்" என்றேன். மறுநாள் பி.டி. டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் சிரித்துவிட்டு, "ரெண்டும் இல்ல பாப்பா, இது கோல்ஃப். அதிதி அசோக்னு ஒரு பொண்ணு இருக்குது. தேடிப் படிச்சுட்டு சுவர் இதழுக்கு எழுது" என்றார். அப்படித் தேடிப் படித்ததைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

கோல்ஃப் என்றால் என்ன?

கோல்ஃபைத் தமிழில் குழிப்பந்தாட்டம் என்பார்கள். பெரிய புல்வெளியில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் தொடங்கும் இடம் தனித்தனி. அங்கே பந்தை வைத்து மட்டையால் அடித்து, அடித்து, கடைசியில் குழிக்குள் விழ வைக்க வேண்டும். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர்தான். பந்தின் எடை 46 கிராமுக்குள் இருக்கும். ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். தூரமாக அடிக்க ஒரு மட்டை, மணலில் இருந்து எடுக்க ஒரு மட்டை, குழிக்குப் பக்கத்தில் மெதுவாக உருட்ட ஒரு மட்டை என்று வேலைக்கு ஒன்று.

மற்ற பல விளையாட்டுகளில் அதிகம் எடுத்தவர் ஜெயிப்பார். கோல்ஃபில் குறைவாக எடுத்தவரே ஜெயிப்பார்! எத்தனை அடியில் முடித்தோம் என்பதுதான் கணக்கு. (இங்கே அடி என்றால் பந்தை அடிக்கிற அடி. ஸ்கேலில் அளக்கிற அடி இல்லை.)

நல்ல ஆட்டக்காரர் ஒரு குழியை இத்தனை அடியில் முடிக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அதன் பெயர் 'பார்'. 3, 4 அல்லது 5 அடியாக இருக்கும். பாரை விட ஒன்று குறைவாக முடித்தால் 'பேர்டி'. இரண்டு குறைந்தால் 'ஈகிள்'. ஒன்று கூடிவிட்டால் 'போகி'. (நம்ம போகிப் பண்டிகை இல்லை!)

விளையாடுபவரோடு ஒருவர் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். தூரத்தைக் கணக்குப் பார்ப்பார், பந்தைத் துடைத்துக் கொடுப்பார், எந்த மட்டை எடுக்கலாம் என்று யோசனை சொல்வார். அவருக்குப் பெயர் 'கேடி'. யாரும் சிரிக்காதீர்கள், அது நம்ம ஊர் கேடி இல்லை. இந்தக் கேடி ரொம்ப நல்லவர்.

இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. பந்தை அடிக்க மட்டையை வீசி, அது பந்தில் படாமலே போனாலும் ஒரு அடிதான். யாரும் பார்க்கவில்லை என்றாலும் நாமே சொல்லிவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எண்ணிக்கை அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். எங்க அம்மாவும் ஒரு தையல் விட்டுப்போன பீஸைக் கண்டால், யாரும் பார்க்கலையே என்று நல்ல பீஸோடு சேர்க்க மாட்டாங்க. தனியாக எடுத்து வைத்துவிடுவாங்க. அதே மாதிரிதான் இதுவும்.

நம் நாட்டில் கோல்ஃப்

ஆங்கிலேயர்கள்தான் இதை இங்கே கொண்டு வந்தார்கள். 1829-லேயே கல்கத்தாவில் கோல்ஃப் சங்கம் தொடங்கினார்கள். நம் தமிழ்நாட்டில் கொடைக்கானலில் அவர்கள் காலத்து மைதானம் உள்ளது. இடம் அதிகம் வேண்டும், மட்டை விலை அதிகம், அதனால் இது வசதியானவர்கள் விளையாட்டு என்று ஆகிவிட்டது. அது உண்மைதான். ஆனால் டெல்லியில் மட்டைப் பை தூக்கும் கேடியாக இருந்த அலி ஷேர் என்பவர், 1991-இல் இந்தியன் ஓப்பன் போட்டியில் வெளிநாட்டுக்காரர்களையும் ஜெயித்து முதல் பரிசு வாங்கினார். 1993-இலும் அவரே வாங்கினார். பை தூக்கியவர் கோப்பையையும் தூக்கினார்!

அதிதி அசோக் வளர்ந்த கதை

அதிதி 1998 மார்ச் 29-ஆம் தேதி பெங்களூருவில் பிறந்தார். அவருடைய அப்பா அசோக், அம்மா மகேஸ்வரி. இரண்டு பேருக்கும் அப்போது கோல்ஃப் தெரியாது. அவருக்கு ஐந்து வயது இருக்கும்போது, குடும்பத்தோடு டிபன் சாப்பிடப் போன ஓட்டலுக்குப் பக்கத்திலேயே கோல்ஃப் மைதானம் இருந்ததாம். அங்கே அடிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு உள்ளே போனார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் எல்லாம்.

2013-இல் ஆசிய இளையோர் விளையாட்டு, 2014-இல் இளையோர் ஒலிம்பிக், அதே 2014-இல் ஆசிய விளையாட்டு என்று வரிசையாக விளையாடினார். 2015 டிசம்பரில் ஐரோப்பியப் பெண்கள் போட்டிகளில் சேருவதற்கான தகுதித் தேர்வு மொராக்கோ நாட்டில் நடந்தது. அதில் 17 வயதில் முதலிடம்! 2016 ஜனவரியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அதாவது அதுவே அவருடைய வேலை, ஜெயிக்கும் பரிசுப் பணமே சம்பளம்.

அதே 2016-இல் ரியோ ஒலிம்பிக். நூறு வருடத்துக்கு மேல் ஒலிம்பிக்கில் இல்லாமல் இருந்த கோல்ஃப் அந்த வருடம்தான் திரும்பி வந்தது. அதிதிக்கு வயது 18. அப்பாதான் கேடி. முதல் இரண்டு நாளும் 68, 68 என்று பிரமாதமாக ஆடினார். மூன்றாம் நாள் 79 ஆகிவிட்டது. கடைசியில் 41-ஆவது இடம்.

அவர் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. மூன்றே மாதத்தில், 2016 நவம்பரில், பெண்கள் இந்தியன் ஓப்பனில் வெற்றி பெற்றார். ஐரோப்பியப் பெண்கள் வரிசைப் போட்டி ஒன்றை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார் தெரியுமா? ஒரே ஒரு அடி! அவருக்குப் பின்னால் வந்தவர்களில் அமெரிக்காவின் பிரிட்டனி லின்சிகோமும் ஒருவர். அதே மாதம் கத்தாரிலும் வென்றார். 2017 முதல் அமெரிக்காவில் எல்.பி.ஜி.ஏ. என்ற பெண்கள் சங்கத்தின் போட்டிகளில் விளையாடுகிறார். இந்தச் சங்கத்தை 1950-இல் 13 பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். 2020-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அதிதிக்குக் கிடைத்தது.

டோக்கியோவில் நடந்தது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொரோனாவால் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அதிதிக்கே கொரோனா வந்து உடம்பில் பலம் குறைந்திருந்தது. உலகத் தரவரிசையில் அவர் இடம் 200. இந்த முறை அம்மா மகேஸ்வரி பை தூக்கினார்.

மொத்தம் 60 பேர். அதிதியால் மற்றவர்களைப் போலத் தூரமாக அடிக்க முடியவில்லை. ஆனால் குழிக்குப் பக்கத்தில் உருட்டிப் போடுவதில் அவர் கெட்டிக்காரி. மூன்று நாள் முடிவில் இரண்டாம் இடத்தில் இருந்தார். நான்காம் நாள் ஆகஸ்ட் 7. நடுவில் மழை வந்து ஆட்டம் நின்று, திரும்பத் தொடங்கியது. கடைசிக் குழியில் ஒரு பேர்டி விழ வேண்டும். பந்தை உருட்டினார். விழவில்லை.

கணக்கைப் பாருங்கள்:

நெல்லி கோர்டா (அமெரிக்கா): 267 – தங்கம்
மோனே இனாமி (ஜப்பான்): 268 – வெள்ளி
லிடியா கோ (நியூசிலாந்து): 268 – வெண்கலம்
அதிதி அசோக் (இந்தியா): 67 + 66 + 68 + 68 = 269 – நான்காம் இடம்

அந்த மைதானத்துக்கு ஒரு நாளைய பார் 71. நான்கு நாளைக்கு 71 × 4 = 284. அதிதி எடுத்தது 269. அதாவது பாரை விட 15 குறைவு! இனாமியும் கோவும் சமமாக இருந்ததால் அவர்கள் இருவருக்கும் கூடுதல் ஆட்டம் வைத்து வெள்ளி யாருக்கு என்று முடிவு செய்தார்கள். அதிதி இன்னும் ஒரு அடி குறைத்திருந்தால் அந்தக் கூடுதல் ஆட்டத்தில் அவரும் இருந்திருப்பார்.

தங்கம் வாங்கிய நெல்லி கோர்டா அப்போது உலகின் முதல் நிலை ஆட்டக்காரர். அவருடைய அப்பா பெட்ர் கோர்டா 1998-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் வென்றவர். அக்கா ஜெசிகாவும் கோல்ஃப் வீராங்கனை. வீடு முழுக்க விளையாட்டுக்காரர்கள். அப்படிப்பட்டவருக்கும், மட்டையைப் பிடிக்கவே தெரியாத வீட்டிலிருந்து வந்த நம் பெண்ணுக்கும் நான்கு நாளில் இரண்டே அடிதான் வித்தியாசம்!

அதற்குப் பிறகு

அதன் பிறகு எல்லாம் வெற்றிதான் என்று எழுத ஆசை. ஆனால் உண்மையைத்தான் எழுத வேண்டும். 2023 பிப்ரவரியில் கென்யாவில் வென்றார். அதே வருடம் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கடைசி நாளுக்கு முன்பு ஏழு அடி முன்னால் இருந்தார். எல்லாரும் தங்கம் என்றே நினைத்தார்கள். கடைசி நாள் 77 ஆகி வெள்ளிதான் கிடைத்தது. ஆனாலும் ஆசிய விளையாட்டு கோல்ஃபில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவரே. அடுத்த மாதமே ஸ்பெயின் நாட்டில் மறுபடியும் முதல் பரிசு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 29-ஆவது இடம். மேலே போகிறார், கீழே வருகிறார், திரும்பவும் மட்டையை எடுக்கிறார்.

என் கதையும் கொஞ்சம்

இந்த வருடம் குறுவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் நான் நான்காவதாக வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா, "மொத்தம் எத்தன பேரு ஓடுனீங்க?" என்று கேட்டாங்க. "பதினோரு பேரும்மா" என்றேன். "அப்ப ஏழு பேத்துக்கு முன்னால வந்திருக்கறயே கண்ணு, அதுக்கு எதுக்கு அழுவற?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போயிட்டாங்க.

அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாக இல்லை. அதிதியின் கதையைப் படித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. நான்காம் இடம் வந்த அவருடைய 269-ஐயும், ஒவ்வொரு நாள் எடுத்ததையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு அடி குறைந்தது என்று சொல்ல முடிகிறது. ஆனால் அன்றைக்கு முதல் மூன்று பேரின் நேரத்தைத்தான் எழுதினார்கள். நான் எத்தனை நொடியில் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. எவ்வளவு குறைந்தது என்று தெரியாமல் எப்படிக் கூட்டுவது?

முடிவுரை

நாம் யாரும் நாளைக்கே கோல்ஃப் ஆடப் போவதில்லை. அதற்கு நம்ம ஊரில் இடமும் இல்லை, நம்மிடம் காசும் இல்லை. ஆனால் அந்த விளையாட்டின் எண்ணும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காசு வேண்டாம். பி.டி. டீச்சருக்கு என் பணிவான வேண்டுகோள்: அடுத்த ஓட்டப் பயிற்சியில் கடைசியாக வருகிறவர் வரைக்கும் நேரம் பார்த்து நோட்டில் எழுதலாமா டீச்சர்? நோட்டு நான் கொண்டு வருகிறேன். என் நேரத்திலிருந்தே தொடங்கலாம், அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.

கணக்குப் போடுங்கள்!

ஒரு மைதானத்தின் ஒரு நாளைய பார் 72. ஒருவர் நான்கு நாளில் 280 அடி எடுத்தார். பாரை விட எத்தனை குறைவு? விடையை வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் சொல்லுங்கள். சரியாகச் சொல்லும் எல்லாருடைய பெயரும் அடுத்த இதழில் வரும். முதல் மூன்று பேர் மட்டும் இல்லை!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி,
அருள்புரம்.