உழவர் சந்தையும் தரகரின் வேலையும்

விளைவிப்போரும் உண்போரும் இடையில் ஒருவருமின்றிக் கொடுக்கல் வாங்கல் செய்யவேண்டும் என்ற நோக்கத்துடன், 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயிக்கு அங்கே கடை வாடகை இல்லை. தராசைச் சந்தையே தருகிறது. கமிஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை. மொத்த விலைக்குச் சுமார் 20 சதவீதம் மேலும், சில்லறை விலைக்குச் சுமார் 15 சதவீதம் கீழும் அமையுமாறு அன்றாட விலையை நிர்ணயிப்பது அதன் முறையாகும்.

இதனால் அங்கத்தினருக்கு எவ்வளவு மிஞ்சும்? கத்தரிக்காயின் மொத்த விலை கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோவை மண்டியில் போட்டால் 600 ரூபாய். நூற்றுக்குப் பத்து கமிஷன் போனால் கையில் நிற்பது 540. சந்தையில் கிலோ 36 வீதம் 720. வித்தியாசம் 180 ரூபாய். ஆனால் மண்டியில் மூட்டையை இறக்கியவர் உடனே வயலுக்குத் திரும்பலாம். சந்தைக்குச் சென்றவரோ இருள் பிரியுமுன் புறப்பட்டு, முற்பகல்வரை தராசின் பின்னால் நிற்கவேண்டும். அவருடைய அரை நாள் உழைப்புக்கு 180 ரூபாய் ஈடாகுமா? கொண்டுசென்றது 60 கிலோவானால் வித்தியாசம் 540. அப்போது பயணம் பலனுள்ளதே. இதுவும் சரக்கு முழுவதும் விற்றால்தான். வெயில் ஏறினால் கீரை வாடிவிடும். வாடிய கீரைக்கு விலைப் பலகை என்ன செய்யும்?

தரகரை நீக்கிவிடலாம், அவர் செய்துவந்த வேலையை நீக்க இயலாது. சரக்கைச் சேர்ப்பது, தரம் பிரிப்பது, மிஞ்சியதன் நஷ்டத்தைத் தாங்குவது ஆகியவற்றை யாரேனும் செய்தே தீரவேண்டும். மேலும், விதைப்புக் காலத்தில் மண்டியில் முன்பணம் வாங்கியவர் அறுவடையில் வேறு இடம் தேடிப் போக முடியாது. ஆகையால் சங்கக் கடன் உரிய பருவத்தில் கிடைக்காத ஊரில் சந்தை அருகில் இருந்தும் பயனில்லை என்பது என் கருத்து.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. தறியில் அமர்ந்திருப்பவரே நூல் வாங்கவும் துணி விற்கவும் அலைய முடியாது என்பதனாலன்றோ சங்கம் அவ்விரண்டையும் ஏற்றது! 2013இல் கூட்டுறவுத் துறை சென்னையில் தொடங்கிய பண்ணைப் பசுமை நுகர்வோர் கடைகளும் அவ்வழியே சென்றன: விவசாயிகளிடம் நேரில் கொள்முதல், விற்கும் பொறுப்பு சங்கத்துடையது.

காய்கறி பயிரிடும் அங்கத்தினர்கள் ஒரு மாதத்துக்கு, கொண்டுசென்ற எடை, விற்ற எடை, வண்டிச் சத்தம், சந்தையில் கழிந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வருவார்களாக. கூட்டு விற்பனை குறித்து நிர்வாகக் குழு முடிவு செய்வதற்கு அக்குறிப்புகள் தேவைப்படும்.