சத்யம் கம்பெனியின் கணக்கும் பங்குதாரரின் கேள்வியும்



மாலையில் கடை அடைக்குமுன் கல்லாவை எண்ணிச் சிட்டையோடு ஒத்துப் பார்ப்பது நம்மவர்க்குப் பழகிய செயல். நாணய மாற்றுக் கடையாயினும் ஜவுளிக் கடையாயினும், ஏட்டில் எழுதிய தொகை பெட்டியிலும் இருந்தால்தான் அன்றிரவு உறக்கம் வரும். இந்தச் சிறு வழக்கம் ஒரு மாபெரும் கம்பெனியில் கைவிடப்பட்டதால் விளைந்த கேட்டை இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

கம்பெனியின் வரலாறு

ராமலிங்க ராஜு என்பவர் 1987-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் தொடங்கியது சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ். அயல்நாட்டு ஸ்தாபனங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலைகளைச் செய்து கொடுப்பது அதன் தொழில். 2008-ல் சுமார் 53,000 பேர் அதில் ஊழியம் செய்தனர். பம்பாயில் மட்டுமன்றி நியூயார்க்கிலும் அதன் பங்குகள் விலை போயின. நல்ல நிர்வாகத்துக்கென வழங்கப்படும் 'தங்க மயில்' விருதும் அவ்வாண்டு அதற்குக் கிடைத்தது. பெயரோ சத்யம்! ஐயுற யாருக்கு மனம் வரும்?

பங்குதாரர் எழுந்தனர்

2008 டிசம்பர் 16-ஆம் நாள், மேட்டாஸ் என்ற பெயருடைய இரு கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாகச் சத்யம் அறிவித்தது. அவை நிலமும் கட்டடமும் சார்ந்த தொழில் செய்பவை. ராஜுவின் குடும்பத்தார் கையில் இருந்தவை. சத்யம் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் பின்னிருந்து படித்தால் மேட்டாஸ் என்று வரும்.

கம்ப்யூட்டர் கம்பெனிக்கு நிலமும் கட்டடமும் எதற்கு? அதுவும் முதலாளியின் மக்களிடமிருந்தா? பங்குதாரர்கள் கொதித்தெழுந்தனர். ராஜு குடும்பத்தின் பங்கு 100-க்குச் சுமார் 8 மட்டுமே. மற்றதெல்லாம் பிறர் பணம். நியூயார்க்கில் பங்கின் விலை அன்றே பாதிக்கும் கீழே போயிற்று. சில மணி நேரத்துக்குள் ராஜு அத்திட்டத்தைக் கைவிட்டார். ஆயினும் போன நம்பிக்கை திரும்பவில்லை. அம்மாத முடிவுக்குள் வெளி டைரெக்டர்கள் நால்வர் பதவி விலகினர். ராஜு குடும்பத்தார் அடகு வைத்திருந்த பங்குகளையும் கடன் கொடுத்தோர் விற்கத் தலைப்பட்டனர்.

வெளிப்பட்ட உண்மை

2009 ஜனவரி 7-ஆம் நாள் ராஜு தாமே ஒரு கடிதம் எழுதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பர் 30-ஆம் தேதிய ஐந்தொகையில் ரொக்கமும் பாங்கு இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று காட்டப்பட்டிருந்தது. அதில் 5,040 கோடி இல்லாத பணம்! ஏட்டில் 100 ரூபாய் என்றால் பெட்டியில் 6 ரூபாய். அது மட்டுமா? வர வேண்டிய வட்டி என்று காட்டிய 376 கோடியும் பொய். கொடுக்க வேண்டிய 1,230 கோடிக் கடன் மறைக்கப்பட்டிருந்தது. வர வேண்டிய பாக்கியில் 490 கோடி கூட்டி எழுதப்பட்டிருந்தது. அந்த மூன்று மாதத்துக்கு 649 கோடி இலாபம் என்றனர். உண்மையில் வந்தது 61 கோடி.

சுமார் 179 ரூபாய் விற்ற பங்கு அன்று மாலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. ஓய்வுக்காலத்துக்கென்று வாங்கி வைத்த எளியோர் எத்தனை பேர்!

எப்படி நடந்தது?

முதலில் சிறு வித்தியாசம்தான். உண்மை இலாபத்துக்கும் காட்டிய இலாபத்துக்கும் இருந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. அதை மூடப் பொய்ப் பில்கள் எழுந்தன. அந்தப் பில்களுக்குப் பணம் வந்ததாகக் காட்டப் பொய்யான பாங்கு ரசீதுகள் வந்தன. மேட்டாஸை வாங்க முயன்றதும் இதற்காகவே. இல்லாத பணத்தைக் கொடுத்ததாக எழுதிவிட்டு, இருக்கும் சொத்தை ஏட்டில் ஏற்றி ஓட்டையை அடைக்கப் பார்த்தனர்.

கணக்குத் தணிக்கையாளர் என்ன செய்தனர்? பாங்கு இருப்பைப் பற்றி அந்தந்தப் பாங்கினிடமே நேரில் கேட்டு உறுதி பெறுவது முறை. அவர்களோ கம்பெனி நீட்டிய காகிதங்களை நம்பினர்.

பின்னர் நேர்ந்தவை

இந்திய அரசாங்கம் சில நாட்களுக்குள் பழைய டைரெக்டர்களை நீக்கிப் புதியவர்களை நியமித்தது. 2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா கம்பெனி பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் விலை பேசிப் பொறுப்பேற்றது. திருத்திய கணக்குகள் 2010 செப்டம்பரில்தான் வெளிவந்தன. 2015 ஏப்ரலில் ஐதராபாத் கோர்ட்டு ராஜு உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்து, ராஜுவுக்கு 7 ஆண்டுச் சிறை விதித்தது. மேல் முறையீட்டின் பேரில் அவர் ஜாமீனில் வெளிவந்தார்.

அமெரிக்காவில் பங்குதாரர்கள் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர். கம்பெனி 12.5 கோடி டாலரும், தணிக்கையாளர் 2.55 கோடி டாலரும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டனர். இந்தியப் பங்குதாரருக்கு அவ்வாறு கூட்டாக வழக்காட அன்று தக்க சட்டம் இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமே அவ்வழியை வகுத்தது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

1. இலாபத்தைக் காட்டிலும் ரொக்கத்தைப் பாருங்கள். இலாபம் பேனாவாலும் வரும். ரொக்கத்தை எண்ணினால்தான் வரும். பாங்கு இருப்பைப் பாங்கிலிருந்து நேரே வந்த காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். கணக்குப்பிள்ளை எடுத்துத் தந்த நகல் போதாது.

2. கூட்டுக் கடையின் பணத்தில் கூட்டாளியின் உறவினருடைய சரக்கோ சொத்தோ வாங்கப்படுமானால், விலை சரிதானா என்று வெளியாள் ஒருவரைக் கேளுங்கள்.

3. நட்டம் வந்த ஆண்டில் நட்டம் என்றே எழுதுங்கள். 10 வெள்ளி நட்டத்தை மறைப்பவர் மறு ஆண்டு 100 வெள்ளியை மறைக்க வேண்டிவரும்.

4. விருதையும் பெயரையும் பார்த்து முதல் போடாதீர்கள்.

5. கேளுங்கள். இதுவே தலையாய பாடம். நம்மிடையே மாமனும் மச்சானும் கூட்டுச் சேர்ந்து நடத்தும் கடைகள் பல. "கணக்கைக் காட்டுங்கள் மாமா" என்று கேட்டால் மனம் நோகுமே என்று எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் வாய் மூடி இருக்கின்றனர். பிறகு ஒருநாள் கடையும் போகிறது, உறவும் போகிறது. சத்யம் பங்குதாரர்கள் நிலம் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டனர். மூன்று வாரத்தில் பல ஆண்டுப் பொய் வெளிவந்தது. அந்தக் கேள்வி சில ஆண்டுகளுக்கு முன்பே எழுந்திருந்தால் எவ்வளவோ பேரின் முதல் தப்பியிருக்கும்.

கணக்குக் கேட்பது அவமதிப்பு ஆகாது. நேர்மையாக நடத்துபவருக்கு அதுவே பாதுகாப்பு. நாளை யாரும் அவர்மீது பழி சொல்ல முடியாது. ஆகையால் இந்த ஆண்டு முடிவில் கூட்டாளிகள் யாவரும் ஒரே மேசையில் அமர்ந்து, பேரேட்டையும் பாங்குக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். முதலில் ஏட்டை விரிப்பவர் மூத்த கூட்டாளியாக இருக்கட்டும். இளையவர் கேட்கத் தயங்கமாட்டார்.