செட்டர் நாயும் கௌதாரியும்

கேள்வி: எங்கள் செட்டர் குட்டியைக் கௌதாரி வேட்டைக்குப் பழக்கலாமா?
(ஒரு வாசகர், பெரார்கஞ்ச், அந்தமான்)

பதில்: வேட்டைக்கு வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டுமன்றி விரட்டுவதையும் வேட்டையென்றே கொள்கிறது. அந்தமானுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கௌதாரிக்கும் அச்சட்டத்தின் காவல் உண்டு. ஆயினும், பறவை வேட்டையில் துப்பாக்கி வழக்கத்துக்கு வருமுன்னரே, வலைவீசுவோருக்குத் துணையாக, வாசனை கண்ட இடத்திலேயே பதுங்கி அசையாதிருக்கும்படி தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட செட்டர் ஜாதியின் சுபாவத்தை வீணாக்குவது எனக்குச் சம்மதமன்று. ஆகவே குட்டியை நீண்ட கயிற்றில் பிடித்து, வீட்டுக் கோழியின் இறகைப் புல்லில் மறைத்து வைத்து, குட்டி மோப்பம் கண்டு நின்றவுடன் ‘நில்’ என்று சொல்லி மெல்லத் தடவிக்கொடுங்கள். பாய்ந்தால் கயிறு தடுக்கட்டும், கை ஓங்க வேண்டாம். அடர்ந்த ரோமமுள்ள பிராணியாதலால் தீவின் புழுக்கத்தில் விடியற்காலையே உகந்த வேளை. பயிற்சி முடிந்ததும் காதோரங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.