வீட்டிலேயே மரம் செதுக்கும் கணினி இயந்திரம்: முதல் பெயர்ப் பலகை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வாசலில் மாட்ட ஒரு பெயர்ப் பலகையை நாமே தேக்கில் செதுக்கிவிடலாம் என்ற ஆசையில்தான் பலரும் வீட்டுக்கு ஒரு சி.என்.சி. இயந்திரம் வாங்குகிறார்கள். நல்ல ஆசை. அந்த ஒரு பலகையைச் செய்து முடிப்பதற்குள் இந்த வேலையின் அடிப்படை முழுவதும் கைக்கு வந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியும் அந்தப் பலகையை வைத்தே நகர்கிறது.

சுழலும் சிறு வெட்டுக்கருவியை, அதாவது பிட்டை, கணினி சொன்னபடி இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்த்துவது மட்டுமே இயந்திரத்தின் வேலை. எதிரே இருப்பது என்ன மரம், ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, கணு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இயந்திரம் வாங்குவதற்கு முன் பக்கத்துத் தெரு ஆசாரியிடம் அரை நாள் உட்கார்ந்து அவர் மரத்தைப் புரட்டிப் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். எந்த வீடியோவையும்விட அது அதிகம் சொல்லித்தரும்.

எந்த இயந்திரம்?

தொடங்குபவர்களுக்கு 3018 வகை போதும். பெயரே அளவைச் சொல்கிறது: 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் வேலைப் பரப்பு. உயரத்தில் 4.5 சென்டிமீட்டர் அளவுக்கு நகரும். பெரும்பாலானவற்றில் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவசக் கட்டுப்பாட்டு மென்பொருள்தான் ஓடுகிறது. அதைப் பழகிக்கொண்டால் பிறகு பெரிய இயந்திரத்துக்கு மாறினாலும் கற்றது வீணாகாது. அவசர நிறுத்தப் பொத்தான் உள்ளதையே வாங்குங்கள். இல்லாத இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பூட்டி முடித்ததும் அளவைச் சரிபார்க்க வேண்டும். எக்ஸ் அச்சை 100 மி.மீ. நகரச் சொல்லி, உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். 99 மி.மீ. தான் நகர்ந்திருந்தால், அமைப்பில் அந்த அச்சுக்கு ‘ஒரு மி.மீ.க்கு இத்தனை படிகள்’ என்று உள்ள எண்ணை 100 ஆல் பெருக்கி 99 ஆல் வகுத்துப் புதிய எண்ணாகக் கொடுங்கள். அந்த எண் 800 ஆக இருந்தால் 808.08 ஆகும். மற்ற இரண்டு அச்சுகளுக்கும் இதே கணக்கு.

எங்கே வைப்பது?

படுக்கையறையில் வேண்டாம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 இலேயே வகைப்படுத்திவிட்டது. எம்.டி.எஃப். பலகையின் தூள் இன்னும் நுண்மையானது, அதில் பிசினும் கலந்திருக்கும். என்-95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் போட்டுக்கொண்டுதான் சுவிட்சைத் தட்ட வேண்டும். கையுறை மட்டும் போடவே கூடாது. பிட்டில் நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, முந்தானை, தோளில் தொங்கும் துண்டு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மரம்

முதல் சில நாள் பழகுவதற்கு மாம்பலகை அல்லது ரப்பர் மரத் துண்டுகள் போதும். பெயர்ப் பலகைக்குத் தேக்கு, வாகை, பூவரசு மூன்றுமே நன்றாக வரும். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச் சிற்பங்கள் 2020 இல் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே உளி பிடிக்கும் கைகள் நாடுகிற மரங்களில் வாகையும் ஒன்று. தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து இருப்பதால் பிட்டின் முனை சீக்கிரம் மழுங்கும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

பழைய மரக் கடையில் கதவு, கட்டில் உடைத்த தேக்குத் துண்டுகள் கிடைக்கும். பல வருடம் காய்ந்த மரம் என்பதால் வளையாது, வெடிக்காது. ஆனால் உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். பலகை முழுவதும் ஒரு காந்தத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். எங்கேயாவது இழுத்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். வெளிர்நிற வெள்ளைப் பகுதியைத் தவிர்த்து வயிரப் பகுதியாகப் பார்த்து எடுங்கள். வெள்ளையில்தான் பூச்சி விழும்.

பிட்

இந்தச் சிறு இயந்திரங்களுக்கான பிட்டின் தண்டு 3.175 மி.மீ. விசித்திரமான எண்ணாகத் தெரியும். நம் ஆசாரிகளின் கணக்கில் அது சரியாக ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தொடக்கத்தில் இரண்டே பிட் போதும்: நேர் வெட்டுக்கு ஒரு நூல் தட்டை முனைப் பிட் ஒன்று, எழுத்துக்குக் கூம்புபோல் கூர்ந்த முனையுள்ள 60 டிகிரி வி-பிட் ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று வாங்கி வையுங்கள், நிச்சயம் உடையும்.

தமிழ் எழுத்தும் மென்பொருளும்

வழிகாட்டிகளில் பொதுவாகச் சொல்லாமல் விடப்படும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செதுக்கு மென்பொருள்கள் பலவற்றில் தமிழை நேரடியாகத் தட்டினால் எழுத்து சிதறும். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய் நிற்கும். ஆகவே பெயரை முதலில் இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தட்டுங்கள், அங்கே தமிழ் சரியாக வரும். பிறகு ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் எழுத்து வெறும் கோட்டுருவமாக மாறிவிடும். அதன் பின் எந்த மென்பொருளுக்குக் கொண்டுபோனாலும் உடையாது. சில எழுத்துருக்களில் கொக்கியும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ‘யூனியன்’ கொடுத்து அவற்றை ஒன்றாக்காவிட்டால் எழுத்தின் நடுவே தேவையில்லாத கோடு விழும்.

அடுத்தது புள்ளி. தட்டை முனைப் பிட்டால் தன்னைவிடச் சிறிய இடத்துக்குள் நுழைய முடியாது. மென்பொருள் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மெய்யெழுத்தின் புள்ளி 3 மி.மீ. என்றால் ஒரு நூல் பிட் அதைத் தொடாது. ‘முருகன்’ பலகையில் ‘முருகன’ ஆகிவிடும். திரையில் பார்க்கும்போது இது கண்ணில் படாது, பலகை கையில் வந்த பிறகுதான் தெரியும். வி-பிட்டில் இந்தச் சிக்கல் இல்லை. குறுகிய இடத்தில் மேலாகவும் அகன்ற இடத்தில் ஆழமாகவும் போகும். மூலைகளும் உளியால் எடுத்ததுபோல் கூர்மையாக வரும். 60 டிகிரி பிட்டில் 6 மி.மீ. அகலக் கோடு வேண்டுமென்றால் ஏறத்தாழ 5.2 மி.மீ. ஆழம் போகும், பலகையின் கனத்தை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வி-பிட் பாதையைக் கணக்கிட எஃப்-என்கிரேவ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இன்க்ஸ்கேப்பிலிருந்து டி.எக்ஸ்.எஃப். கோப்பாகச் சேமித்து அதில் திறந்தால் ஜி-கோடு, அதாவது இயந்திரத்துக்கான நகர்வுக் கட்டளைகள், எழுதித் தரும். அந்தக் கோடை இயந்திரத்துக்கு அனுப்ப கேண்டில் போன்ற ஒன்று போதும்.

மரத்தை இறுக்குவது

முதல் மாதத்தில் கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பகுதி இங்கேதான் கெடுகிறது. என் முதல் பலகையும் இப்படித்தான் போனது. தூசி துடைக்காத பிளைவுட்டில் இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி வைத்திருந்தேன். பாதி எழுத்தில் பலகை சுழன்று கிளம்பி பிட்டை முறித்தது.

மரத்தை வைக்கும் இயந்திரப் படுக்கையின் மேல் பழைய எம்.டி.எஃப். பலகை ஒன்றைத் திருகி, அதன் முகத்தை இயந்திரத்தாலேயே மெல்லச் சீவிச் சமப்படுத்துங்கள். எழுத்து வேலைக்கு இது மிக முக்கியம். அரை மில்லிமீட்டர் மேடுபள்ளம் இருந்தாலே 60 டிகிரி பிட்டின் கோடு ஏறத்தாழ 0.6 மி.மீ. தடித்தோ மெலிந்தோ போகும். பிறகு படுக்கையிலும் மரத்தின் அடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே ஃபெவிக்விக் போன்ற பசையைத் தடவி அழுத்துங்கள். உறுதியாக நிற்கும், வேலை முடிந்ததும் சுத்தமாக உரிந்து வரும். இடம் இருந்தால் ஓரங்களில் கிளாம்ப்பும் போடலாம். ஆனால் பிட் போகும் வழியில் அது இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

பூஜ்யம் வைப்பது

வேலை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்று இயந்திரத்துக்குச் சொல்வதுதான் பூஜ்யம். பலகையின் இடது கீழ் மூலையில் பென்சிலால் குறியிட்டு அங்கேயே வையுங்கள். உயரத்துக்கு, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஓடாமல் இருக்கும்போது ஒரு வெள்ளைத்தாளைப் பிட்டுக்கு அடியில் வைத்து, 0.1 மி.மீ. ஆக இறக்கிக்கொண்டே தாளை அசைத்துப் பாருங்கள். தாள் பிடித்துக்கொள்ளும் இடம்தான் உயரப் பூஜ்யம். பிட்டை மாற்றினால் உயரத்தை மட்டும் மறுபடி வைக்க வேண்டும், மற்ற இரண்டையும் தொடாதீர்கள்.

மூலையில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போய்விட்டால் இந்தச் சிறு இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். பூஜ்யம் பலகையின் நடுவில் இருந்தால் அந்தப் புள்ளியே செதுக்கப்பட்டுக் காணாமல் போயிருக்கும். மூலையில் இருந்தால், பிட்டைக் கையால் மேலே தூக்கிவிட்டு, அதே குறியில் மறுபடி பூஜ்யம் வைத்து முதலிலிருந்து ஓட்டலாம். ஏற்கெனவே செதுக்கிய பள்ளங்களின் வழியே பிட் சும்மா போய்வரும். மடிக்கணினி தூங்கிப்போனாலும் இதே கதிதான். அது தானாகத் தூங்கும் அமைப்பை முன்பே அணைத்து வையுங்கள்.

வேகமும் ஆழமும்

புதியவர்கள் பயந்துகொண்டு மிக மெதுவாக ஓட்டுவார்கள். அதுதான் தவறு. மெதுவாகப் போகும் பிட் மரத்தை வெட்டாமல் ஒரே இடத்தில் உரசும். சூடேறி மரம் கருகும், பிட் மழுங்கும், தூளில் கங்கு பிடிக்கவும் வாய்ப்புண்டு. பயமாக இருந்தால் ஆழத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள்.

கணக்கு எளிது: நிமிடச் சுழற்சி, பிட்டின் வெட்டு முனைகள், ஒவ்வொரு முனையும் எடுக்கும் சீவலின் கனம் மூன்றையும் பெருக்க வேண்டும். 9,000 சுழற்சி, 2 முனை, 0.04 மி.மீ. சீவல் என்றால் நிமிடத்துக்கு 720 மி.மீ. தேக்கில் நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகம், ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் ஆழம் என்று தொடங்குங்கள். பிறகு தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொடிப்பொடியாகத் தேங்காய்த் துருவல் போல் இருந்தால் சரி. கோதுமை மாவுபோல் இருந்தால் பிட் உரசுகிறது.

முதல் ஓட்டம்

பிட்டைப் பலகைக்கு மேல் 10 மி.மீ. உயரத்தில் வைத்து அதையே உயரப் பூஜ்யமாக்கி, முழு வேலையையும் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிட் பலகைக்கு வெளியே போகிறதா, கிளாம்ப்பில் இடிக்குமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு உயரத்தைச் சரியாக வைத்து உண்மையான ஓட்டம். ஓடி முடியும்வரை அந்த அறையிலேயே இருங்கள். பால் வாங்கப் போக வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் போங்கள்.

மெருகு

ரேகைக்குக் குறுக்கே வெட்டிய இடங்களில் சிராய் நிற்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். முகப்பை 180, பிறகு 240 எண் உப்புத்தாளால் ரேகையோடு தேய்த்து, கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் இரண்டு பூச்சு கொடுங்கள். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாள் காயட்டும். எண்ணெய் துடைத்த துணியைக் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.