ஆட்டிசமும் அருந்திறனும் கணினிக் கன்னமும்

காவிரியினின்று குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியைச் சூழ்ந்த ஊர்களிற் பிறந்தோர்க்கு, நண்டுவளை இன்னதென்று பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வயல்வரப்பிலும் வாய்க்காற்கரையிலும் நண்டு குடைந்த வளை சிறிதேயாயினும், வெள்ளக்காலத்தே அவ்வழிப் புகுந்த நீர் மண்ணை அரித்துக் கரையையே உடைத்துவிடும். அவ்வளையை முதலிற் காண்பவன் கூரிய கண்ணுடையவன். அவன் ஊராரைக் கூவி அழைத்துக் காட்டுவானாயின் பயிர் பிழைக்கும். கைக்கோலால் அதனை அகலப்படுத்தி வேடிக்கை பார்ப்பானாயின் பயிர் அழியும். இருவர்க்கும் கண் ஒன்றே; செயலே வேறு. கணினியுலகிலும் இத்தகைய இருவரைக் காண்கின்றோம். அவர்களுள் ஒருவன் மற்றவனாக மாறுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

வங்கியும் மருத்துவமனையும் இரயில்வேயும் அரசாங்க அலுவலகமும் இன்று கணினி வலையால் இணைக்கப்பட்டுள்ளன. நிரல் எழுதினோர் கவனியாது விட்ட பிழைகளும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களும் அவ்வலையின் நண்டுவளைகளாம். அவற்றின் வழியே உரியவர் இசைவின்றி உட்புகுதலை ஹாக்கிங் என்பர். தமிழிற் கணினிக் கன்னம் எனலாம். சுவரிற் கன்னமிடும் கள்வனுக்குப் பொருளே நோக்கம். கணினிக் கன்னத்திற் புகும் இளைஞர் பலர்க்கோ பொருள் முதல் நோக்கமன்று. பிரிட்டனின் தேசியக் குற்றத்தடுப்பு முகமை 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, அரியதொன்றை முடித்தோம் என்னும் நிறைவும் தோழரிடையே பெறும் மதிப்புமே இவர்களை ஈர்க்கின்றன எனக் கூறுகின்றது. அம்முகமை 2015-இல் விசாரித்த கணினிக் குற்றங்களில் ஐயத்திற்குள்ளானோரின் சராசரி வயது 17. நம் கல்லூரியின் முதலாண்டு வகுப்பினும் இளைய வயது அது!

இத்தகைய வழக்குகள் சிலவற்றில் ஆட்டிசம் என்னும் சொல் அடிபடுகின்றது. அஃது யாது? 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவரும், 1944-இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் சில சிறாரின் தனித்த இயல்புகளை விரித்தெழுதினர். பிறர் முகக்குறிப்பையும் சொல்லின் உட்பொருளையும் உணர்தலில் இடர்ப்பாடு. எடுத்துக்கொண்ட ஒரு பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு. பழகிய ஒழுங்கு மாறின் பெருங்கலக்கம். ஒலி, ஒளி முதலியவற்றால் எளிதில் துன்புறுதல்: இவை அவ்வியல்புகளுட் சில. பிறவியிலேயே அமையும் மூளை வளர்ச்சியின் ஒரு வகை இது, வளர்ப்பின் குற்றமன்று. ஆட்டிசமுடையார் அனைவரும் மேதைகள் என்பது தவறு. பலர்க்கு வாழ்நாள் முழுதும் பிறர் துணை வேண்டும். சிலர்க்கே ஒரு துறையில் வியத்தகு ஆற்றல் அமைகின்றது.

இவர்கள் குற்றத்திற்குச் சாய்ந்தவர் என்பது அதனினும் பெருந்தவறு. பாத் பல்கலைக்கழகத்தார் பங்குகொண்டு 2019-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆட்டிசம் போன்ற இயல்புகள் மிக்கோரிடையே கணினிக் குற்றம் புரிந்ததாக ஒப்புக்கொண்டோர் சற்று மிகுந்திருந்தனர். அவர்தம் உயர்ந்த கணினித்திறமை அதற்கு ஓரளவு காரணமாகக் காணப்பட்டது. ஆட்டிசம் உண்டென மருத்துவரால் வரையறுக்கப்பட்டோரிடையே அக்குற்றம் குறைந்தே இருந்தது. தம் இயல்பு இன்னதென்று அறியப்பெற்றோர்க்கு அவ்வறிவே ஒரு காப்பாதல் கூடும் என எண்ண இடமுண்டு.

இனி, இரண்டு வழக்குகளை நோக்குவோம். பிரிட்டனைச் சேர்ந்த காரி மக்கினன் என்பார், வேற்றுலக ஊர்திகளைப் பற்றிய உண்மையை அமெரிக்க அரசு மறைக்கின்றது என்னும் எண்ணம் மேலிட்டவராய், 2001, 2002-ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு இராணுவத்துக்கும் நாசாவுக்கும் உரிய 97 கணினிகளிற் புகுந்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். தம்மிடம் ஒப்படைக்குமாறு அமெரிக்கா கேட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2008-இல்தான், அவருக்கு ஆஸ்பெர்கர் வகை ஆட்டிசம் இருப்பது கண்டறியப்பட்டது. அப்போது அவர் வயது நாற்பதைக் கடந்திருந்தது! உயிர்க்கு இடர் நேருமென அஞ்சி, 2012 அக்டோபரில் பிரிட்டன் அவரை அனுப்ப மறுத்தது. ஒரு மனிதனின் பத்தாண்டு வாழ்வு அச்சத்திலேயே கழிந்தது.

மற்றொருவன் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆரியன் குர்தாஜ். கடுமையான ஆட்டிசமுடைய இவ்விளைஞன், லாப்ஸஸ் என்னும் கூட்டத்தாருடன் சேர்ந்து பெரிய நிறுவனங்களின் கணினிகளிற் புகுந்தான். 2022-இல் ஜாமீனில் விடப்பட்டு, மடிக்கணினியும் பறிக்கப்பட்டு, விடுதியொன்றில் தங்கியிருந்தபோதும், அறையிலிருந்த தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் சிறு கருவியொன்றையும் கொண்டே வெளிவராத ஒரு விளையாட்டின் காட்சிகளைக் கவர்ந்து வெளியிட்டான். விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் அவன் இல்லையென மருத்துவர் கூறினர். 2023 டிசம்பரில், காலவரையறையின்றி மருத்துவமனைக் காவலில் வைக்க ஆணை பிறந்தது. அப்போது அவனுக்கு வயது 18. எத்துணைக் கூரிய கண்! எத்துணைப் பெரிய இழப்பு! அவனாற் பாதிக்கப்பட்டோரின் இழப்பையும் நாம் மறத்தலாகாது. இரங்குதல் வேறு, குற்றத்தைக் குற்றமன்றெனல் வேறு.

இத்தகையோர் ஈர்க்கப்படுதல் எங்ஙனம்? வகுப்பில் நகைக்கப்படும் சிறுவனுக்குக் கணினி இனிய தோழனாகின்றது. அது முகஞ்சுளிப்பதில்லை; இட்ட கட்டளைக்கு என்றும் ஒரே விடை தருகின்றது. பின்னர், முகமறியாத ஒருவன் வலைவழியே வந்து, “உன்போல் வல்லவர் இல்லை” என்கின்றான். வீட்டிலும் பள்ளியிலும் ஒருநாளும் கேளாத சொல் அது! புகழ்ந்தவன் பின்னர் ஏவுகின்றான். சொல்லை அவ்வாறே நம்பும் இயல்பினன், அதன் பின்னுள்ள வஞ்சத்தை உணர்வதில்லை. கண்ணெதிரே அழுவார் ஒருவரும் இன்மையின், தான் செய்யும் தீங்கின் அளவும் அவனுக்குப் புலனாவதில்லை.

நிற்க. திறமையை முதலிற் கண்டு போற்றுபவர் யார் என்பதே வழியைப் பெரிதும் வகுக்கின்றது. இதற்குச் சான்று நம் காவிரிக்கரையிலேயே உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாச ராமாநுஜன், கணிதமொன்றிலேயே ஆழ்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வூர்க் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவர்க்கு ஆட்டிசம் இருந்ததென்று யான் கூறவில்லை. மறைந்தோர்க்கு நோய்க்குறி காண்டல் நம் தொழிலன்று. இராமசாமி ஐயர் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவினார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகம் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் வேலை தந்தது. 1913-இல் ஹார்டி அவருடைய கடிதத்திற்கு விடையெழுதினார். இவருள் ஒருவரேனும் முகந்திருப்பியிருந்தால் யாதாகியிருக்கும்?

கணினித்துறையிலும் இக்காலத்தே நேர்வழி திறந்துள்ளது. பிழையைக் கண்டு அறிவிப்போர்க்குப் பல நிறுவனங்கள் பரிசளிக்கின்றன. சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா, இன்ஸ்டாகிராம் கணக்குகளைப் பிறர் கைப்பற்றத்தக்க ஒரு குறையை 2019-இல் கண்டு அறிவித்து 30,000 டாலர் பரிசு பெற்றார். மைக்ரோஸாப்ட் நிறுவனம் அத்தகைய உதவிக்காக 2021-இல் 50,000 டாலர் அளித்தது. நண்டுவளையைக் கண்டு ஊராரைக் கூவியவர் இவர்! இசைவின்றிப் புகுவோர்க்கோ, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகின்றது. “விளையாட்டாகச் செய்தேன்” என்பது போதிய விடையாகாது.

மாணவ நண்பர்களே! உங்கள் விடுதியிலும் ஒருவன் இருக்கலாம். அவன் தனியே உண்பான். நீங்கள் சொல்லும் வேடிக்கைக்கு நகையான். ஆனால் திருக்காட்டுப்பள்ளிக்கும் தஞ்சைக்கும் இடையே ஓடும் பேருந்துகளின் நேரமெல்லாம் பிழையின்றி ஒப்பிப்பான். இரவெல்லாம் கணினிமுன் அமர்ந்திருப்பான். அவனுக்குப் பட்டப்பெயர் சூட்டாதீர்கள். அருகிற் சென்று, “என்ன செய்கின்றாய்? எனக்கும் காட்டு” என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களும், குறிப்பாற் கூறுவதை விடுத்து, “இது தகும், இது தகாது, காரணம் இது” என்று அவனுக்கு வெளிப்படையாக உரைப்பாராக. பிறர் கணினியைத் தொடாது, இசைவு பெற்ற பயிற்சிக் களத்தில் அவன் திறனைக் காட்ட இடந்தருக. ஆட்டிசமுடையார்க்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அளித்துள்ள உதவிகளைப் பெற்றோர்க்கு எடுத்துரைக்க.

நம்முள் கூரிய கண்ணுடையான் ஒருவன் கரையோரம் தனியே நிற்கின்றான். அவனை முதலில் அழைப்பது யார் குரலாக இருத்தல் வேண்டும்? முகமறியாதவன் அழைக்குமுன் நாம் அழைப்போமாக.