படைவீரர் குடும்பங்களும் மரணப் பதிவேடும்

படையில் பணியாற்றி ஊர் திரும்பியவர் ஒருவர் காலமானால், அவருடைய குடும்பத்தார் முதலில் தேட வேண்டிய பத்திரம் மரணச் சான்றிதழ் ஆகும். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுச் செய்வதானாலும், வாரிசுச் சான்று கோருவதானாலும், வங்கிக் கணக்கை மாற்றுவதானாலும் அதையே முதலில் கேட்பார்கள். இச்சான்றிதழை வழங்குவது வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் வேலையன்று. ஆயினும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிராமத்து மக்கள், அரசாங்க அலுவலகம் என்ற அளவில் முதலில் ஏறுவது நம் அலுவலகத்துப் படியைத்தான். அவர்களுள் வெறுங்கையோடு திரும்புவோர் பலரை நாம் பார்த்திருக்கிறோம். பதிவே இல்லாமையால் திரும்புவோர் சிலர். பதிவு இருக்கும் இடத்தை விட்டு மற்ற இடங்களிலெல்லாம் தேடித் திரும்புவோரே மிகுதி.

மரணம் எங்கு நிகழ்ந்ததோ அங்குதான் அது பதிவாகும். இறந்தவரின் சொந்த ஊர் எது, உடல் எங்கே அடக்கம் செய்யப்பட்டது என்பன இதற்குப் பொருட்டல்ல. 1956 நவம்பர் 23-ஆம் நாள் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததையும், அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதையும் மூத்தோர் சொல்லக் கேட்டிருப்போம். அன்று மாண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் பல ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று சான்று தேடினால், பாட்டனார் வாழ்ந்த ஊரின் பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை. அரியலூர்ப் பகுதியில்தான் விசாரிக்க வேண்டும்.

படையினர் விஷயத்தில் இந்த விதி தலைகீழாக வந்து நிற்கிறது. நம் ஊர்ப் பிள்ளை வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் இறக்கிறார். உடல் ஊருக்கு வந்து அடக்கமாகிறது. ஊரே திரண்டு வழியனுப்பிய மரணமாயிற்றே, நம் கிராம நிர்வாக அலுவலரிடம் அது பதிவாகியிராதா என்று குடும்பத்தார் நம்புவது இயல்பே. ஆனால் ஆஸ்பத்திரியில் நேரும் மரணத்தை அதன் பொறுப்பு மருத்துவர் அங்குள்ள பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பதே 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஓடும் ரயிலில் உயிர் பிரிந்தால், வண்டி முதலில் நிற்கும் இடத்தில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே உடலோடு வந்த காகிதங்கள் யாவற்றையும், ஒரு துண்டுச் சீட்டும் தவறாமல், குடும்பத்தார் காத்து வைத்தல் வேண்டும். எந்த ஊரில் தேடுவது என்பதை அவைதாம் சொல்லும்.

ஓய்வு பெற்றவர் தம் வீட்டிலேயே காலமானால், தகவல் தர வேண்டியவர் குடும்பத் தலைவர். 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. நம் பக்கத்தில் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை எவரும் காகித வேலையைத் தொடுவதில்லை. அப்புறம் மிஞ்சுவது ஐந்து நாட்களே. ஊர்ப் பெரியவர் ஒருவர் துணைக்குச் சென்றால் இவ்வேலையை மூன்றாம் நாளே முடித்துவிடலாம். அதனால் துக்கத்துக்கு இழுக்கில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம் உண்டு. அதன்பின் ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்தால், 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் ஆகியோர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு பெற வேண்டும். முன்னர் இதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது.

பதிவு ஆகிவிட்டால் மட்டும் போதுமா? பெயர் ஒத்திருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விதவைத் தாயார் நம்மிடம் வந்தார். கணவர் படைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்துப் பெயரைக் கொடுத்திருந்தார். ஊரிலோ அவரைக் குலதெய்வத்தின் பெயரால் அழைத்தார்கள். மரணத்தைச் சொல்லப் போன மைத்துனர் ஊர்ப்பெயரையே எழுதிவைத்தார். ஓய்வூதிய ஆணையில் ஒருவர், மரணப் பதிவேட்டில் வேறொருவர் என்று ஆகிவிட்டது. இருவரும் ஒருவரே என்று நிலைநாட்ட அந்த அம்மையார் பதினோரு மாதம் நடந்தார். அதுவரை அவருக்கு ஓய்வூதியம் இல்லை. வைத்திருந்த இரண்டு ஆடுகளையும் விற்றுவிட்டார். சட்டத்தின் 15-ஆம் பிரிவு பதிவேட்டுப் பிழையைத் திருத்த இடம் தருகிறது என்பது உண்மையே. ஆனால் மரணம் அறிவிக்கும் அன்றே படைவிலகல் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய், அதிலுள்ள பெயரையும் தந்தை பெயரையும் அப்படியே எழுதச் செய்திருந்தால், இத்திருத்தமே வேண்டியிராது. ஊராட்சி மன்றத் தலைவர்களும் செயலர்களும் தத்தம் ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் வீடுகளில் இதை இப்போதே சொல்லிவைப்பது நலம்.

சான்றிதழில் மரணத்தின் காரணம் இராது. அதைத் தருவதற்குச் சட்டமே தடை விதித்திருக்கிறது. ஆனால் படையினர் குடும்பத்துக்குக் காரணமே முக்கியம். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கணக்கிடத்தக்க ஊதியத்தில் 30 சதவீதம். மரணம் படைப்பணியின் காரணமாக நேர்ந்ததென ஏற்கப்பட்டால் அது 60 சதவீதம். போர்க்களத்தில் நேர்ந்ததெனில் ஊதியம் முழுவதும். ஆகையால் மருத்துவர் தரும் காரணச் சான்றின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். நெருங்கிய உறவினருக்கு அந்நகல் தரப்பட வேண்டுமென 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அதன்பின் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அவ்வலுவலகம் நீலகிரி வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படைக்குப் பெங்களூரிலும் உள்ளது. எழுதும்போது படை எண்ணைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். பெயர் பலருக்கு ஒன்றாயிருக்கும். எண் ஒருவருக்கே உரியது.

பழைய மரணங்களைத் தேடுவோர் மாவட்ட எல்லைகளின் வரலாற்றையும் சிறிது அறிந்திருக்க வேண்டும். பெரம்பலூர் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுகாக்களாக இருந்தது. ஆகவே பழைய ஆவணத்தில் அரியலூர் மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அக்காலத்தில் 1899-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ்க் கிராம அதிகாரிகள் பதிவேடு எழுதிவந்தனர். பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-இல் நீங்கிக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பழைய ஏடுகளுக்குத் தாசில்தார் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். 2018 ஜனவரி முதல் பதிவானவற்றையோ வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு உலகப் போர்களில் கடல் கடந்து மாண்டவர்களுக்கு இங்கே பதிவேடு இராது. சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றில் முதற்போருக்குப் பின் நட்ட சிறு கல்வெட்டுகள் உள்ளன. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மடிந்தார்கள் என்ற கணக்கு அவற்றில் இருக்கும். யார் யார் என்பது இராது. இராக்கின் பஸ்ரா நினைவகத்திலும் இந்தியச் சிப்பாய்கள் பெயரின்றி எண்ணிக்கையாகவே பொறிக்கப்பட்டனர். அதிகாரிகளுக்கு மட்டும் பெயர் கிடைத்தது. இது நம் மனத்தை வருத்துவதே. ஆயினும் 1917-இல் நிறுவப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயர் கொண்டு தேட முடியும். இரண்டாம் போரில் மடிந்த இந்தியர் பலருக்குத் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர் ஆகியவையும் அங்கே உள்ளன. பர்மாப் போர்முனையில் காணாமற்போனவர்கள் தவுக்கியான் கல்லறையிலுள்ள ரங்கூன் நினைவகத்தின் 27,000 பெயர்களுள் இருக்கலாம். மலேயா, சிங்கப்பூரில் மறைந்தவர்களைக் கிராஞ்சி நினைவகத்தில் தேடலாம். ஊர்ப்பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பலவிதமாக மாற்றிப் பார்க்க வேண்டும். வீட்டில் முதற்போர்ப் பதக்கம் இருந்தால், பாலிஷ் போடுமுன் அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். அங்கே எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும்.

மலேசியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் தம் மூதாதையரைத் தேடி இப்பகுதிக்கு வருவோரும் உண்டு. அவர்களை அயலார் எனக் கருதி நாம் திருப்பியனுப்பலாகாது. 17-ஆம் பிரிவின்படி உரிய கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் சொல்லும் உரிமை எவர்க்கும் உண்டு. ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டை போன்ற ஊர்களின் கத்தோலிக்கக் குடும்பத்தினராயின், ஆலயத்து அடக்கப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கலாம். சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர் நிலையோ வேறு. படைவீரர்க்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகள் உண்டு; தோட்டத்துக் கூலியாகச் சென்றவர்க்கு அவ்வாறு எழுதிவைத்தவர் இல்லை.

தேடியும் பதிவு கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதற்கே ஒரு சான்று கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுச் செய்வது கடினம். மனுவில் இறந்தவர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், மரணம் நேர்ந்த கிராமம், அன்றைய தாலுகா, தேதி ஆகியவை இருக்கட்டும். தேதி தெரியாவிட்டால், ஆடிப் பெருக்குக்கு முன்னா, பின்னா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாவது ஆண்டையும் மாதத்தையும் குறித்துக் கொடுங்கள். ஓராண்டின் ஏட்டைப் புரட்ட எழுத்தருக்கு ஒரு காலை போதும்; பத்தாண்டின் ஏடுகளைப் புரட்டச் சொன்னால் மனு மேசையிலேயே கிடக்கும்.