துறைமுகம் போயிற்று, உப்பளம் இருக்கிறது

பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைச் சிந்திக்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகிறது. அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

சங்க நூலான சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. இதற்கு வடக்கே, கடப்பாக்கம் அருகில், முகலாயர் காலத்து ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் அங்கிருந்து கப்பலேறின. ஆற்காடு நவாபு காலத்தில் அங்கே நாணயச் சாலையும் இருந்தது. 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தனர். மிஞ்சிய சுவர்களை 2004 சுனாமி மேலும் சிதைத்தது. ஆட்சி எவரிடமும் நிலைப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம். வழியில் உப்பளங்களையும் காட்டுவோம். கப்பல்கள் போன பின்னும் நம் கரையில் நிலைத்தது, வெயிலில் உப்பு வாரும் கைகளின் உழைப்புதான். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிவிட்டால், காய்ச்சல் திரும்பும் வரை அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. அந்நாட்களில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று, எந்தச் சமுதாயத்தவர் என்று பாராமல், விசாரிப்போம். இந்தப் பயணத்தின் பாடம் அதில்தான் நிறைவேறும், இன்ஷா அல்லாஹ்.